சிமெண்ட் கப்பலின் சேதிப் பாட்டு

எழுபதுகளின் நடுவில் நான் துபாய்க்குப் போனபோது ஊரை விடக் கடலில்தான் நெரிசல் அதிகமாக இருந்தது. ரோடு, பாலம், ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று அந்த ஊரில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கான சிமெண்டும் கம்பியும் மரமும் எந்தெந்தத் தேசத்திலிருந்தோ கப்பலில் வந்தன. இறக்குவதற்குத் துறைமுகத்தில் இடம் போதவில்லை. கரை ஒரு கோடாக மட்டும் தெரியும் தூரத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டு மாதக்கணக்கில் கிடந்தன. ஜெபல் அலியில் இன்னொரு துறைமுகம் வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. ஆனால் வெளியே கிடந்தவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தூத்துக்குடி ஹார்பரில் சில வருஷம் வேலை பார்த்த அனுபவத்தில் எனக்கு ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலைவதுதான் அந்த வேலை. காலையில் லாஞ்ச் என்ற மோட்டார் படகில் ஏறி, ஒவ்வொரு கப்பலாகப் போய், குடிதண்ணீர் எவ்வளவு வேண்டும், காய்கறி எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். தபால் இருந்தால் கொடுக்க வேண்டும். "எங்களை எப்போது உள்ளே விடுவார்கள்?" என்று கேட்கும் கேப்டனுக்குத் தெரியாது என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். பர் துபாயில் நாங்கள் மூன்று பேர் ஒரு ரூமில் இருந்தோம். மற்ற இருவரும் பேங்க்கில் வேலை பார்த்தவர்கள். மாலையில் நான் ரூமுக்குள் நுழைந்தால் மீனும் டீசலும் நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

லாஞ்சை ஓட்டியவர் ராமேஸ்வரம் பக்கத்துக்காரர். என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். எத்தனையோ தடவை சொல்லியும் அவர் என்னை சார் என்று கூப்பிடுவதை விடவில்லை.

சிமெண்ட் ஏற்றி வந்த அந்தக் கப்பலுக்கு முதன்முதலில் போன அன்று, பக்கத்தில் நெருங்கும்போதே அண்ணாச்சி எஞ்சினைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டினார்.

"சார், மேல யாரோ பொட்டி வாசிக்கிறாய்ங்க. நம்ம கோயில் பஜனைப் பொட்டி மாதிரி இல்ல?"

எனக்கும் ஆர்மோனியம் என்றுதான் பட்டது. ஏணியில் ஏறி மேலே போனபோது, சமையல் அறை வாசலில் ஒரு பெரிய உடம்புக்காரர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மார்பில் ஒரு அக்கார்டியன். பியானோ போல் கட்டை வைத்ததல்ல, பொத்தான் வைத்த சின்ன வகை. பக்கத்தில் ஒரு இளைஞன் தொடைகளுக்கு நடுவே சின்னத் தோல் கொட்டு ஒன்றை இடுக்கி விரலால் தட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவர் வரி வரியாகக் கீறல் போட்ட ஒரு மூங்கில் துண்டைக் கம்பி முள்ளால் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று சத்தமும் சேர்ந்தபோது அது ஆர்மோனியம் இல்லை. குதிரை வண்டி ஒன்று மேட்டில் ஏறி இறங்குவது போலிருந்தது.

கப்பல் கிரேக்க முதலாளிக்குச் சொந்தம். கேப்டனும் கிரேக்கர். கீழ்மட்டத்து ஆட்களில் பாதிப் பேர் தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துக்காரர்கள். அக்கார்டியன்காரர் கப்பலின் சமையற்காரர். கொட்டு அடித்தவன் எஞ்சின் ரூமில் எண்ணெய் போடும் ஆயிலர், இருபத்தைந்து வயதிருக்கும். மூங்கில் தேய்த்தவர் போசன், நம் ஆட்கள் சேராங் என்று சொல்வார்களே, டெக் ஆட்களுக்குத் தலைவர். மூவரும் ஒரே வட்டாரம். அவர்கள் ஊருக்கு ஒரு பக்கம் பனிமலை, இன்னொரு பக்கம் பாலைவனம், நடுவில் மாடு மேய்க்கும் சமவெளி என்று சமையற்காரர் சொன்னார். கப்பல் கப்பலாக வேலை பார்த்துப் பழகிய இங்கிலீஷ் அவருடையது. தப்பும் தவறுமாக இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவார்.

அந்தக் கப்பலுக்கு வாரம் இரண்டு தடவையாவது போனேன். போன நாளெல்லாம் வேலை முடிந்து சமையல் அறையில் கொஞ்சம் உட்காருவேன். எனக்குச் சைவச் சாப்பாடு என்று தெரிந்ததும் அவர் சிவப்பு பீன்ஸைத் தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்துத் தருவார். வெங்காயம் உரித்தபடி பேசுவார். அவருடைய பாட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த வெங்காயத் தோலுக்கு நடுவில்தான்.

அக்கார்டியன் அவர்கள் நாட்டு வாத்தியமே அல்லவாம். அவருடைய தாத்தா காலத்துக்கும் முன்னால் ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்குக் கப்பல்களில் மாலுமிகள் அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கள்ளக்கடத்தல் துணியோடும் சாராயத்தோடும் அதுவும் கரையேறியது. அதற்கு முன்பு அந்தச் சமவெளியில் மலைவாசிகள் ஊதிய நாணல் குழல்தான் பாட்டுக்கு முன்னால் போகும். கொட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகப் பிடித்து வரப்பட்டவர்களுடையது. தேய்க்கும் மூங்கில் மலைவாசிகளுடையது.

"அவர்களை நாங்கள் இந்தியர்கள் என்போம்" என்றார்.

"நாங்கள்தானே இந்தியர்கள்?"

"தெரியும். கொலம்பஸ் செய்த குழப்பம். அவன் உங்கள் ஊருக்கே போய்த் தொலைந்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள்தான் முதலில் அந்தப் பாட்டைப் பாடியவர்கள். தபால் இல்லாத காலம், ரோடும் இல்லாத காலம். ஒரு ஊரில் ஒருவன் செத்தான், ஒருத்தி ஓடிப்போனாள், வெள்ளம் ஒரு பாலத்தை இழுத்துப்போனது என்றால், அக்கார்டியன்காரன் அதைப் பாட்டாகக் கட்டி அடுத்த ஊரில் போய்ப் பாடுவான். ஆட மாட்டார்களாம். முற்றத்தில் மரத்தடியில் உட்கார்ந்து, ஆட்டுக்கறி வேகும் வரைக்கும் கேட்பார்களாம். நாலு விதமான நடை உண்டு. ஒன்று ஆள் நடப்பது போல மெதுவானது, ஒன்று உலாவுவது போல, ஒன்று துள்ளுவது, கடைசியாக ஒன்று மூச்சு வாங்கும் ஓட்டம். ஆயிலர் அந்த நாலையும் கவிழ்த்த சட்டியில் அடித்துக் காட்டுவான்.

பணக்காரர்கள் அந்தச் சங்கீதத்தைத் தங்கள் கிளப்புக்குள் விடவில்லை. மாட்டுக்காரன் பாட்டு, குடிகாரன் பாட்டு என்றார்கள். பிறகு ரேடியோ வந்தது, ரெக்கார்டு வந்தது, அரசியல்வாதிகளுக்கு அதன் மேல் ஆசை வந்தது. போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார்கள். முன்பு கிளப் வாசலில் நிறுத்தியவர்களே வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்துக்குக் கதை வந்தால் ஆயிலருக்கும் சமையற்காரருக்கும் சண்டை தொடங்கும். சமையற்காரர் பழைய வகை, தானே வாசித்துத் தானே பாடுவார். ஆயிலருக்கோ பாடகன் ஆக வேண்டும். அக்கார்டியன்காரனுக்கு முன்னால் மைக்கைப் பிடித்துத் தனியாக நின்று, பின்னால் பேஸ் கிடாரும் பெரிய கொட்டுகளும் முழங்கப் பாட வேண்டும். அப்போது அங்கே அதுதான் புதுசு. பாட்டு முழுக்கக் காதல். கஞ்சா விற்றுத் திடீர்ப் பணக்காரர் ஆனவர்களின் பெயரைப் பாட்டுக்கு நடுவே சொல்லி வாழ்த்தினால் கார்கூடப் பரிசாகக் கிடைக்கும் என்றான் ஆயிலர்.

"பாட்டில் என்ன சேதி இருக்கிறது?" என்று சமையற்காரர் கத்துவார்.

"சேதி சொல்லத்தான் ரேடியோ இருக்கிறதே. நீ வேறு எதற்கு?" என்பான் அவன்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சமையற்காரரும் அதை மறுத்ததாக ஞாபகம் இல்லை. கத்திவிட்டு அவனுக்குத்தான் முதல் தட்டைப் போடுவார்.

வெயில் ஏறியது. ஜூன் வந்ததும் அந்தக் கடல் காற்றே இல்லாமல் தகடு போல் கிடக்கும். கப்பலின் இரும்பைத் தொட முடியாது. ஏர்கண்டிஷன் மிஷின் நின்றுபோய், உதிரி பாகம் வருகிறது வருகிறது என்று வரவே இல்லை. குளிக்கக் கடல்தண்ணீர்தான். கொட்டின் தோல் உப்புக்காற்றில் ஊறிக் கிழிந்தது. ஆயிலர் என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு ஆட்டுத்தோல் கிடைக்குமா என்று கேட்டான். தேரா மார்க்கெட்டில் கறிக்கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு பச்சைத் தோலை வாங்கிச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனேன்.

"சைவப் பிள்ளைமாரு வீட்டுப் புள்ள, ஆட்டுத்தோலோட வருது. ஒங்க அம்மா பாத்தா தல முழுகிருவாக" என்று அண்ணாச்சி வழியெல்லாம் சிரித்தார். அந்தத் தோலைக் காயவைத்துக் கட்டி, அடுத்த தடவை நான் போனபோது ஆயிலர் எனக்காகவே ஒரு ஓட்ட நடையை அடித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஜூலையில் கப்பலுக்குள் சண்டைகள் ஆரம்பித்தன. தண்ணீருக்காக, மின்விசிறிக்காக, யார் யாரைப் பார்த்தான் என்பதற்காகக்கூட. கேப்டன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஒரு நாள் போசன் என்னைக் கீழே கூட்டிப்போய்ச் சரக்கு அறையைக் காட்டினார். ஈரக்காற்று இறங்கி மேல் அடுக்குச் சிமெண்ட் மூட்டைகள் கல்லாகியிருந்தன. காலால் ஒரு மூட்டையை உதைத்துக் காட்டினார். சத்தமே வரவில்லை.

அந்த மாதத்தில்தான் என் அப்பா ஊரில் இறந்தார். தந்தி ஏஜென்சியின் பழைய விலாசத்துக்குப் போய், சுற்றி, என் கைக்கு வந்தபோது காரியமெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. நான் வேலைக்குப் போவதைத் தவிர வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கப்பலுக்குப் போனேன். என் மொட்டைத் தலையைப் பார்த்து சமையற்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"கடைசியில் பக்கத்தில் யார் இருந்தது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"என்ன பேசினார்? மழையா, வெயிலா?"

எதுவுமே தெரியாது என்றேன். தந்தியில் இரண்டு வார்த்தைதான் இருந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் தன் கதையைச் சொன்னார்.

அவரும் சேதிப் பாட்டு கட்டியவர்தான். ஒரு தடவை பக்கத்து ஊரில் ஒருவனை ஆற்றங்கரையில் வெட்டிப் போட்டிருந்தார்கள். யார் செய்தது என்று ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. இவர் அந்தச் சாவைப் பாட்டாகக் கட்டினார். மூன்றாவது அடியில் வெட்டியவனின் பெயரை வைத்தார். பாட்டு ஊர் ஊராகப் போனது. எல்லாரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் செத்தவனின் தம்பிகள் போய் அந்தப் பெயருக்கு உரியவனையும், அவனோடு ஒரே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனையும் கொன்றார்கள். அண்ணன் எந்தப் பாவமும் அறியாதவன். இவரோடு கூடப் படித்தவன்.

"அதற்குப் பிறகு பெயர் வைத்துப் பாட்டுக் கட்டவில்லை. எந்தப் பாட்டும் கட்டவில்லை. பழையதை மட்டும் வாசிக்கிறேன். கப்பலில் சமையல் வேலை கேட்டு வந்துவிட்டேன்."

நான் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் வெற்றிலை மடிக்கும் விதம், ஹார்பர் சங்கு ஊதினால் கடிகாரத்தைத் திருத்தும் பழக்கம். சமையற்காரர் முழுவதையும் கேட்டார். யாரிடமும் நான் அவ்வளவு பேசியதில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம், ஆபீஸ் வயர்லெஸ்ஸில் அந்தக் கேப்டனின் குரல் வந்தது. ஆயிலருக்கு வயிற்றுவலி, பேதி மருந்து கொடுத்திருக்கிறேன், குறையவில்லை, டாக்டர் வேண்டும் என்றார். எங்கள் மேனேஜர், கப்பல் முதலாளிக்கு டெலக்ஸ் அனுப்பி அனுமதி கேட்கிறேன், டாக்டர் செலவை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வலது பக்கமா வலி என்று கேளுங்கள் சார் என்றேன். என் தங்கைக்குக் குடல்வால் வியாதி வந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அதற்குப் பேதி மருந்து கொடுத்தால் குடல் வெடித்துவிடும் என்று அப்போது டாக்டர் சொல்லியிருந்தார். மேனேஜர் மைக்கை வைத்துவிட்டு, நீ டாக்டரா என்று கேட்டார்.

மறுநாள் காலை தண்ணீர்ப் படகோடு போனோம். மேலே ஏறியதும் போசன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஆயிலர் முழங்காலை மார்போடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தான். வயிறு பலகை போல் இறுகியிருந்தது. முகம் சாம்பல் நிறம். சமையற்காரர் ஈரத்துணியால் அவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

நான் கேப்டனிடம் போய் இவனை இப்போதே கரைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.

"அவனுக்கு ஷோர் பாஸ் இல்லை" என்றார். அந்த அனுமதிச்சீட்டு இல்லாமல் மாலுமி யாரும் கரையில் கால் வைக்க முடியாது.

"கரையில் பார்த்துக்கொள்ளலாம்."

"உன் மேனேஜர் சொன்னாரா?"

"இல்லை."

கேப்டன் என்னைப் பார்த்தார். அவருக்கும் கண் சிவந்து வீங்கியிருந்தது. கொண்டுபோ என்று கையை மட்டும் அசைத்தார். சமையற்காரர் கூட வரட்டும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார்.

கான்வாஸில் கட்டி, கப்பலின் பாரந்தூக்கியால் மெதுவாக லாஞ்சுக்குள் இறக்கினார்கள். இறங்கியதும் ஆயிலர் எட்டி அண்ணாச்சியின் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை.

"நீங்க ஸ்டியரிங்க பிடிங்க சார். நான் இப்பிடியே இருக்கேன்" என்று அண்ணாச்சி பலகையில் உட்கார்ந்து அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் லாஞ்சை முழு வேகத்தில் ஓட்டினேன். அவன் ஸ்பானிஷில் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தான். ஒரே கேள்வி, திரும்பத் திரும்ப. என்ன கேட்கிறான் என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அண்ணாச்சி தமிழில் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கர வந்துருச்சு ராசா. இந்தா வந்துருச்சு. கண்ண மூடாத."

கரை வரவில்லை. நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் பின்னால் பேச்சு நின்றது. பிறகு அண்ணாச்சி, "மெதுவாவே போங்க சார்" என்றார்.

கரையில் போலீஸும் பேப்பரும் ஆஸ்பத்திரியும் முடிய அன்றைய பொழுது போய்விட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அனுமதி இல்லாமல் ஆளை இறக்கியதற்கு எச்சரிக்கிறேன் என்றார். உடலை ஊருக்கு அனுப்ப முதலாளியிடமிருந்து சம்மதம் வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்றுதான் டெலக்ஸ் வந்தது.

ஊருக்கு வெளியே கிறிஸ்தவர்களுக்கு ஒதுக்கிய மணல்வெளியில் அடக்கம். கப்பலிலிருந்து யாரையும் விடவில்லை. ஜெபம் படிக்க ஒரு மலையாளப் பெரியவர் வந்தார். குழி வெட்டிய இரண்டு பட்டாணியர்கள் மண்வெட்டியோடு ஓரமாக நின்றார்கள். பிறகு அண்ணாச்சியும் நானும். மணல் வெட்ட வெட்டச் சரிந்து குழியை மூடியது. பட்டாணியர் ஒருவர் பலகை ஒன்றைக் குறுக்கே வைத்துத் தடுத்தார். பெட்டி ப்ளைவுட். அண்ணாச்சி மூன்று கைப்பிடி மண் போட்டார். அவருடைய சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

அடுத்த நாள் கப்பலுக்குப் போனபோது சமையற்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். வழக்கமாக லாஞ்சிலேயே இருந்துவிடும் அண்ணாச்சியையும் மேலே வரச் சொன்னார். இருவரையும் சமையல் அறையில் உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தார். மண் என்ன நிறம். யார் வெட்டியது. எந்தப் பக்கம் தலை. ஜெபம் எந்த மொழியில். பெட்டி என்ன மரம். காற்று இருந்ததா. நான் சொல்லச் சொல்ல, எழுதவில்லை, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டார். லாஞ்சில் அவன் என்ன கேட்டான் என்றார். நான் காதில் விழுந்த ஓசையைத் திருப்பிச் சொல்ல முயன்றேன்.

சமையற்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "என்னைக் கேட்டிருக்கிறான். அவர் வருகிறாரா என்று."

பிறகு அண்ணாச்சியைக் காட்டி, இவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டார். அண்ணாச்சி தயங்கினார். "பொய்தான சார் சொன்னேன், அதப் போயி எதுக்கு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அர்த்தம் வேண்டாம், அந்த வார்த்தைகளே வேண்டும் என்றார் சமையற்காரர். அண்ணாச்சி சொல்லச் சொல்ல, அந்தப் பெரிய உடம்புக்காரர் குழந்தை போல் திருப்பிச் சொன்னார். "கர வந்துருச்சு." நாக்கு புரளவில்லை. நாலைந்து தடவையில் பிடித்துக்கொண்டார்.

பாட்டுக் கட்டச் சொல்லி ஆட்கள் அவரை முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறார்கள். போசனுக்கு அதில் கேப்டனின் பெயர் வர வேண்டும், பேதி மருந்து கொடுத்தது வர வேண்டும். அன்று நாங்கள் இருக்கும்போதே போசன் வந்து வாசலில் நின்றார். இருவரும் ஸ்பானிஷில் பேசியதைப் பிறகு சமையற்காரர் எனக்குச் சொன்னார்.

"பெயரை வைப்பாயா, மாட்டாயா?"

"வைக்க மாட்டேன்."

"அவன் கொன்றான். நீ சோறு போடுகிறாய்."

"இந்தப் பாட்டு செத்த பையனின் அம்மாவுக்கு. அவனுக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். பெயர் கேட்டால் போவார்கள். இன்னும் இரண்டு பெட்டி வேண்டுமா அவளுக்கு?"

போசன் அந்த மூங்கில் துண்டை எடுத்துச் சமையல் அறைத் தரையில் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வாசிக்கவே இல்லை. ஆட்கள் சமையற்காரரோடு பேசுவதை நிறுத்தினார்கள். தட்டை நீட்டுவார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். கோழை என்று யாரோ சமையல் அறைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். அதையும் அவரே எனக்குப் படித்துக் காட்டினார்.

பாட்டு முடிந்த அன்று கேட்பதற்கு நாங்கள் இருவர்தான் இருந்தோம். கொட்டு இல்லை, தேய்ப்பு இல்லை. மெதுவான நடை. சில அடிகளுக்கு அர்த்தம் சொல்லிவிட்டுப் பாடினார். பேசாத கடல், கல்லாகிப்போன சிமெண்ட், சரியும் மணல், பலகையால் தடுத்த பட்டாணியன், மொட்டைத் தலையோடு லாஞ்ச் ஓட்டியவன். மெட்டு இறங்கி இறங்கி ஒரு இடத்தில் நின்றது. அங்கே "கர வந்துருச்சு ராசா" என்று தமிழில் வந்தது. அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முதல் தடவை அதை அம்மாவின் வீட்டு முற்றத்தில் பாடிய பிறகுதான் மற்றவர்கள் முன்னால் பாட வேண்டும் என்பது முறையாம். எங்களிடம் பாடியது கணக்கில் வராது, நீங்கள் பாட்டுக்குள் இருப்பவர்கள் என்றார்.

அக்டோபரில் கப்பலுக்கு இடம் கிடைத்தது. பாதிச் சரக்கை மிஷின் வைத்து உடைத்து எடுத்தார்கள். முதலாளி கப்பலை விற்றுவிட்டார், ஆட்களைச் சில்லறை சில்லறையாக ஊருக்கு அனுப்பினார்கள். சமையற்காரரை ஏர்போர்ட்டில் விட்டது நான்தான். அக்கார்டியனைப் பெட்டியில் போடாமல் மடியிலேயே வைத்திருந்தார். போசனும் அதே விமானம். காத்திருந்த இடத்தில் இருவரும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். முடி வளர்ந்திருந்தது.

ஒரு வருஷம் கழித்து, வேறொரு கப்பல். மரம் ஏற்றி வந்தது. டெக்கில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு கொலம்பியாக்காரன் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தான். அதே மெட்டு, நடை மட்டும் வேகம். கிட்டே போய் அது என்ன பாட்டு என்று கேட்டேன். காதல் பாட்டு, ஒருத்தி விட்டுப் போய்விட்டாள், ஊரில் எல்லா ரேடியோவிலும் ஓடுகிறது என்றான். கடல், லாஞ்ச், ஒரு சாவு, இதெல்லாம் வருமா என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"இந்த மெட்டு ரொம்பப் பழசு. என் தாத்தாவே வேறு வார்த்தை போட்டுப் பாடுவார். யார் வேண்டுமானாலும் எதையும் போட்டுக்கொள்வார்கள்."

சமையற்காரரின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டேன். அந்தச் சமவெளியில் அக்கார்டியன் வாசிக்கும் பெரிய உடம்புக்காரர்கள் நூறு பேர் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷைத் தொட்டு எடுத்தான். மறுபடியும் பாடினான்.

கீழே லாஞ்சில் அண்ணாச்சி எழுந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கியதும் கேட்டார்.

"சார், அது நம்ம பாட்டுதான?"

"மெட்டு மட்டுந்தான் அண்ணாச்சி. பாட்டு வேற."

"அப்ப அந்த ஆத்தாளுக்குச் சேதி போச்சா, போகலையா?"

"தெரியலை."

அடுத்து இன்னும் இரண்டு கப்பலுக்குப் போய்த் தண்ணீர்க் கணக்குக் கேட்டு வர வேண்டியிருந்தது. அண்ணாச்சி கயிற்றை அவிழ்த்து எஞ்சினைக் கிளப்பினார்.